கொசுறு கேட்கக் கூடாத பண்டம்

திட்டக்குடிக் கடைத்தெருவில் எந்தப் பண்டத்தை நிறுத்து வாங்கினாலும், எடைக்கு மேல் ஒரு பிடி கொசுறு கேட்டு வாங்குவது நான் சிறுவனாக இருந்த காலத்தில் எல்லோருக்கும் உரிய பாத்தியதையாகக் கருதப்பட்டது. காய்கறிக்காரி கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கிள்ளிப் போடுவாள். மல்லாட்டை விற்பவர் படியைத் தலைதட்டி அளந்த பிறகு கையால் அள்ளி மேலும் கொஞ்சம் மடியில் கொட்டுவார். பால்காரர் உழக்குக்கு மேல் ஒரு வாய் சாய்த்துவிட்டுத்தான் செம்பைத் திருப்பித் தருவார். கொடுப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லாமலும், வாங்குபவருக்குப் பெரிய லாபமில்லாமலும், இருவருக்குமிடையே ஒரு சிநேகபாவத்தை மாத்திரம் வளர்த்துவந்த இந்த வழக்கத்தை நான் குறைகூறுபவன் அல்லன். ஆனால் அதே கடைத்தெருவில், அதே மனிதர்கள், அதே உரிமையோடு கொசுறு கேட்டு வாங்கிய பண்டம் ஒன்று உண்டு; அதில் மாத்திரம் கொடுப்பவருடைய தாராளமே வாங்குபவருக்கு அபாயமாக முடியும். சின்ன சிலிண்டரில் ஏற்றித் தரும் சமையல் கேஸைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வெள்ளாற்றின் வடகரையில் இருப்பது. பாலத்தைக் கடந்தால் அகரம்சீகூர். 1993ஆம் ஆண்டு தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது நாங்கள் கடலூரோடு சேர்ந்தோம் என்றாலும், கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெலிங்டன் ஏரி நிரம்பிய ஆண்டில் நெல், நிரம்பாத ஆண்டில் பருத்தியும் சோளமும் என்று வானத்தைப் பார்த்து வாழ்ந்த பூமி இது. ஆதலால் அடுப்பெரிக்க எங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை: பருத்திமார், மல்லாட்டைத் தோல், சீமைக்கருவேல விறகு, வரட்டி என்று பருவத்துக்கொன்று கிடைத்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அழுத்தி, கரியாக்கி, ‘லெக்கோ’ என்ற பெயரில் விற்றார்கள். அந்தக் கரிக்கட்டிகள் ஓட்டல் அடுப்புகளிலும் சற்று வசதியுள்ள வீடுகளிலும் எரிந்தன. அதைப் பற்றவைப்பதற்குள் பெண்களுக்குப் பொறுமை போய்விடும். பற்றிக்கொண்டுவிட்டாலோ, சமையல் முடிந்த பிறகும் அணைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கேஸ் அடுப்பு பிற்பாடு வந்தது. 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனியாரும், 1965இல் கல்கத்தாவில் இண்டேன் என்ற பெயரால் இந்தியன் ஆயில் நிறுவனத்தாரும் தொடங்கிவைத்த அந்த நாகரிகம், எங்களைப் போன்ற சிற்றூர்களின் அடுப்பங்கரைக்குள் நுழைவதற்குப் பல வருஷங்கள் பிடித்தன. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இணைப்புக் கிடைத்த அன்று சிலிண்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்ட முனைந்த ஒரு பாட்டியை, அடுப்புப் பொருத்த வந்த மெக்கானிக் அலறிக்கொண்டு தடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இணைப்பைப் பெறுவதற்கு அப்பொழுது ரேஷன் கார்டு வேண்டியிருந்தது, முழு சிலிண்டரின் 14.2 கிலோவுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கொடுக்கக் கையில் பணமும் வேண்டியிருந்தது. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று இல்லாதவர்கள் எங்கள் ஊரில் மிகுதி. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒற்றை அறையில் தங்கிய ஆசிரியர்கள், கட்டட வேலைக்கு வந்து கொட்டகையில் குடியிருந்த கொத்தனார்கள், பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் பஜ்ஜி போடும் பெண்கள், கரியடுப்பையும் ஊதுகுழலையும் விட்டு டார்ச்சுக்கு மாறிய பத்தர்கள் ஆகிய இவர்கள் எல்லோருக்கும் கைகொடுத்தது, இரண்டு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ என்ற அளவுகளில் பாத்திரக் கடையிலேயே கிடைத்த குட்டி சிலிண்டர்தான். அதன் தலையிலேயே பர்னரைத் திருகிக்கொள்ளலாம். நாலு கம்பி வளைத்த தாங்கியின் மேல் சட்டியை வைத்துவிட்டால் சமையலறை முடிந்தது. தீர்ந்துபோனால் கம்பெனி வண்டி வீட்டுக்கு வராது. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போக வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் அடுப்பு ரிப்பேர்க் கடை ஒன்று இருந்தது. ஸ்டவ், குக்கர், மிக்ஸி பழுது பார்க்கப்படும் என்று பலகையில் எழுதியிருக்கும்; கேஸ் ஏற்றப்படும் என்று எங்கும் எழுதியிராது; ஆயினும் ஊரில் அதை அறியாதவர் இல்லை. கடையின் பின்கட்டில், கீற்றுச் சார்ப்பின் கீழ், கோண இரும்பாலான சட்டத்தில் வீட்டு உபயோகத்துச் சிவப்பு சிலிண்டர் ஒன்று தலைகீழாக நிற்கும். நேராக நிறுத்தினால் மேலே தேங்கியிருக்கும் ஆவி மாத்திரமே வரும்; கவிழ்த்து நிறுத்தினால்தான் திரவமே குழாய்க்குள் இறங்கும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். அங்கிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வந்து, பித்தளை நிப்பிள் ஒன்றின் வழியாகக் கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்த குட்டி சிலிண்டரோடு சேரும். திறப்பைத் திருப்பியதும் ‘சிர்’ என்று ஓசை எழும். சற்றைக்கெல்லாம் அந்தப் பித்தளைச் சேர்மானத்தின் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி பூக்கும். அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலில், ஐஸ் பெட்டிக்கு வெளியே உறைபனியைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் ஊரில் அந்தப் பின்கட்டுக்குள் போனவர்கள் மட்டுமே. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே நாங்கள் அங்கே போய் நிற்போம். கடைக்காரர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி விரட்டுவார்.

பாதி ஏறியதும் ஓட்டம் தானே நின்றுவிடும். பெரிய சிலிண்டருக்குள்ளும் சின்ன சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் சமமாகிவிட்டால் திரவத்துக்கு இறங்குவதற்குக் காரணம் இல்லை அல்லவா? அப்பொழுது கடைக்காரர் குட்டி சிலிண்டரின் திருகைச் சற்றே தளர்த்தி, உள்ளிருக்கும் ஆவியை வெளியே விட்டு இடம் உண்டாக்குவார். சமையல் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளப் போதுமானது. அந்தப் பின்கட்டின் தட்டிக்கு மறுபுறம் டீக்கடை அடுப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அங்கே ஒன்றும் நேராமல் போனதற்கு வெள்ளாற்றுப் பக்கத்திலிருந்து அடித்த காற்றைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அந்தக் கடையில் தராசும் இருந்தது. உத்தரத்தில் தொங்கிய வில் தராசு. அதன் கொக்கியில் சிலிண்டரை மாட்டி, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். ஆனால் அந்தத் தராசு எதற்காகத் தொங்கியது என்பதுதான் விஷயம். வாங்குபவர்கள் எடையைச் சொல்லி வாங்கமாட்டார்கள். “ஐம்பது ரூபாய்க்கு ஏத்துங்கண்ணே” என்பார்கள். ஏற்றி முடித்து முள்ளைக் காட்டினால், “இன்னும் கொஞ்சம் தாராளமா வுடுங்கண்ணே, சிலிண்டர்லதான் எடம் இருக்குதுல்ல” என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திருகை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஏமாற்றுக்காரன் என்ற பெயர் வரக் கூடாதே என்ற கவலை அவருக்கு. கொடுத்த காசுக்குக் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலை வந்தவர்களுக்கு. அளவுக்கு மேல் போய்விட்டதா என்று பார்ப்பதற்கு அந்தத் தராசை உபயோகித்தவர் எவரும் இல்லை.

இதை முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் என் சித்தப்பா. நெய்வேலியில் பிட்டராக வேலை பார்த்து, அழுத்தக் கலன்களோடு ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர் அவர். பேச்சில் சிக்கனமானவர்; வால்வு, வாஷர், கேஸ்கட் என்று வந்துவிட்டால் மாத்திரம் சிக்கனம் பறந்துவிடும். ஒரு மாலை எங்கள் வீட்டுச் சிலிண்டரைத் திண்ணையில் சாய்த்து வைத்து, அதன் கழுத்துப் பட்டையில் பொறித்திருக்கும் எழுத்துகளை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். வெற்று எடை எவ்வளவு என்று ஓரிடத்தில் அடித்திருந்தது. இன்னோரிடத்தில் ஆங்கிலத்து ஏ, பி, சி, டி என்ற நான்கில் ஓர் எழுத்தும் ஈரிலக்க எண்ணும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் அதற்கடுத்த மூன்று மாதம் என்று அது வருஷத்தை நான்காகப் பிரித்த கணக்கு. கலத்தை மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடுவை அது காட்டுகிறது. “இதுக்குள்ள எத்தனை தண்ணி பிடிக்கும் தெரியுமாடா தம்பி?” என்று கேட்டார். 33 லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்குமாம். அதில் அவர்கள் அடைப்பது 14.2 கிலோ, திரவமாக அது கலத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகாது. மிச்சமுள்ள ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஆவிக்கு என்று வேண்டுமென்றே ஒழித்துவிட்ட இடம்.

“எடம் இருக்குதுல்ல” என்று எங்கள் ஜனங்கள் கேட்டு நிரப்பிக்கொண்டது அந்த இடத்தைத்தான். சூடு ஏறினால் எல்லாத் திரவமும் விரியும் என்றாலும், இந்தத் திரவம் தண்ணீரைவிடப் பன்மடங்கு அதிகமாக விரியும். பத்து பாகை வெப்பம் கூடினால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வளர்ந்துவிடும். மேலே ஆவிக்கு இடம் இருக்கும்வரை அந்த ஆவி அமுங்கிக் கொடுத்துவிடும். இடமே இல்லாமல் கலம் விளிம்புவரை திரவமாக நிறைந்துவிட்டால், பிறகு ஏறுகின்ற ஒவ்வொரு பாகையும் இரும்பையே நெட்டித் தள்ளும். ராத்திரி குளிர்ச்சியில் கழுத்துமட்டும் ஏற்றிக்கொண்டு போன சிலிண்டர் மறுநாள் பகல் வெயிலில் என்ன கதிக்கு ஆளாகும் என்பதைச் சித்தப்பா கையை விரித்துக் காட்டினார். அதற்குமேல் சொல்லவில்லை.

சொன்னது போலவே ஒரு சித்திரையில் நடந்தது. எங்கள் தெருப் பத்தர் ஒருவர் முதல்நாள் மாலை ஐந்து கிலோ சிலிண்டரை நிரப்பிக் கொண்டுவந்து, பட்டறைக்குள் இடமில்லாமையால் பின்வாசல் களத்தில் வைத்திருந்தார். மத்தியானம் அதன் திருகுத் தண்டின் வழியாகச் சீறல் எழும்பி, நாற்றம் தெருவெல்லாம் பரவியது. பத்தர் ஓடிவந்து சித்தப்பாவை அழைத்தார். “பத்தரே, மொதல்ல உலையை அணையும். யாரும் சுவிட்சுல கை வைக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் போனார். போட்டிருக்கிற விளக்கை அணைப்பதும் கூடாது, அணைந்திருப்பதைப் போடுவதும் கூடாது. சுவிட்சுக்குள் எழும் பொறி ஒன்றே போதும் என்று அவர் அதட்டிய பிறகுதான் பெண்கள் நகர்ந்தார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி, குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் சூடு தணித்து, படுக்கவிடாமல் நிமிர்த்தியபடியே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த தரிசில், புளியமரத்து நிழலில் வைத்தார்கள். சீறல் ஓய்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. சாயங்காலம் தவச மண்டித் தராசில் வைத்து, வெற்று எடையைக் கழித்துப் பார்த்தபோது, கசிந்துபோனது போகவே ஆறு கிலோ இருந்தது.

சித்தப்பா நேரே ரிப்பேர்க் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“ஏம்பா, எடை போட்டுத்தான் குடுத்தியா?”

“போட்டேண்ணே, சத்தியமா. ஒரு குண்டுமணி குறையல.”

“குறைஞ்சுதான்னு யாருப்பா கேட்டா? கூடிச்சான்னு பாத்தியா?”

கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரத்தில் அப்படியொரு கேள்வியை அதுவரையில் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு எங்கள் தெருவைக் காப்பாற்றியதில் அந்த நாற்றத்துக்கும் பங்கு உண்டு. அழுகின முட்டைக்கோசு நாற்றம் என்று பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டும் அந்த வாடை, வாயுவின் இயற்கைக் குணம் அன்று. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்க்கையைத் துளியளவு கலந்து வேண்டுமென்றே உண்டாக்குவது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, டெக்சாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், வாசனையே இல்லாத இயற்கை வாயு கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கியிருப்பதை ஒருவரும் அறியாமல், ஒரு பொறி பட்டுக் கட்டடமே தூக்கியெறியப்பட்டு, சுமார் 300 பேர், அவர்களில் பெரும்பாலும் குழந்தைகள், மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் சேர்க்க வேண்டுமென்ற சட்டம் அங்கே பிறந்தது; காலக்கிரமத்தில் மற்றத் தேசங்களிலும் அதுவே நியதியாயிற்று.

பிற்காலத்தில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்கு அமெரிக்கா போயிருந்தபோது, அந்தத் தேசத்திலும் குட்டி சிலிண்டர் உண்டென்று கண்டேன். ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய, வாயு கொண்ட சிறு கலங்கள்; காட்டுக்குக் கூடாரமடிக்கப் போகிறவர்கள் அடுப்பில் பூட்டி உபயோகித்துவிட்டு எறிந்துவிடுவதற்கென்றே செய்தவை. குளிர்காலத்தில் நம்முடைய பியூட்டேன் அங்கே பயன்படாது. உறைநிலைக்குக் கீழே அது ஆவியாக மறுத்துவிடும். ஆதலால் அவர்கள் அடைப்பது புரொபேன், அது பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகையில்கூடக் கொதிக்கும் தன்மையது. எறிந்துவிட வேண்டிய அந்தக் கலத்தை மறுபடியும் நிரப்பி எடுத்துச்செல்வது குற்றம், 5 லட்சம் டாலர்வரை அபராதமும் 5 ஆண்டுச் சிறையும் உண்டு என்று கலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வளவு கடுமையாக அச்சிட வேண்டியிருந்ததிலிருந்து, அங்கேயும் எங்கள் கடைத்தெருவின் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். நிரப்பத் தகுந்ததாகவே செய்த கெட்டிக் கலங்களும் தனியே விற்கிறார்கள். எறியும் வகையை 2028இலிருந்து கலிபோர்னியாவில் விற்கவே கூடாது என்று சட்டமும் செய்துவிட்டார்கள்.

அடுத்த வீட்டு முதியவர் அப்படிப்பட்ட கெட்டிக் கலங்களைத் தம் வீட்டிலேயே நிரப்பிக்கொள்வார். நிரப்புகின்ற வேலையைவிட நிறுக்கின்ற வேலையே அதில் அதிகம். கார்க் கொட்டகைக்குள் செய்யமாட்டார். திறந்த புல்வெளியில், காற்று வீசும் பக்கம் பார்த்து, தோல் கையுறை மாட்டிக்கொண்டு செய்வார். சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, வெற்றுக் கலத்தின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, நிரப்பியபின் மறுபடியும் நிறுத்து, ஓர் அவுன்ஸ் கூடியிருந்தாலும் அதை வெளியே விட்டுக் குறைத்த பிறகுதான் மூடியைப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பார். அங்கே மாமிசம் வாட்டும் அடுப்புக்கு உரிய பெரிய சிலிண்டர்களில், திரவம் ஐந்தில் நான்கு பங்கு உயர்ந்ததும் தானே வழியை அடைத்துவிடும் மிதவை ஒன்று உள்ளேயே இருக்கிறது; 2002ஆம் ஆண்டிலிருந்து அது இல்லாத கலத்தை நிரப்ப மறுத்துவிடுகிறார்கள். குட்டிக் கலத்துக்கு அந்த மிதவை இல்லை. தராசுதான் மிதவை என்று அவர் சொன்னபோது எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. ஆனால் அவருக்கு அது பொழுதுபோக்கு. நான்கு டாலர் மிச்சப்படுத்தும் சந்தோஷம். எங்கள் ஊரில் அது ராத்திரிச் சோறு.

நம் தேசத்துச் சட்டத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. ஒரு சிலிண்டரிலிருந்து மற்றொன்றுக்கு வாயுவை மாற்றுவதை வாயு உருளை விதிகள் தடுக்கின்றன. வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குத் திருப்பினால் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் பாயும். அதிகாரிகள் வந்து, சிவப்பு சிலிண்டர்களைப் பறிமுதல் செய்து, படம் பிடித்துக்கொண்டு போவார்கள்; சில வாரங்களில் வேறொரு பின்கட்டில் வேறொரு இரும்புச் சட்டம் முளைத்துவிடும். 2007இல் ராஜ்ய சர்க்கார் ஏழைகளுக்கு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியபோதும், 2016இல் மத்திய சர்க்காரின் உஜ்வலா வந்தபோதும் இந்தத் தொழில் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தோம். வீடு உள்ளவர்களுக்கு அவை பெரிய உபகாரம்தான். தெருவில் கடை போடுபவர்களுக்கும், ஊர் ஊராகப் போகும் கொத்தனாருக்கும் அவை எட்டவில்லை.

2013இல் பெட்ரோல் பங்க்கிலேயே ஐந்து கிலோ சிலிண்டர் விற்கத் தொடங்கினார்கள். ரேஷன் கார்டு தேவையில்லை. ஏதாவதொரு அடையாள அட்டை போதும். நிரப்புவதெல்லாம் தொழிற்சாலையில், எடை பார்த்து, கசிவு பார்த்து, முத்திரையிட்டு வருவது. எனக்கு மெத்த சந்தோஷம். எங்கள் தெருமுனையில் பல வருஷமாகப் பஜ்ஜி போடும் அம்மாளிடம் போய், இனிமேல் பின்கட்டுக் கடைக்குப் போக வேண்டியதில்லை என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“அதெல்லாம் செரிங்க சார், அங்க அம்பது ரூபாய்க்கு ஏத்துவாங்களா?” என்றாள்.

அன்றன்றைய வியாபாரத்தில் வரும் காசைக்கொண்டு அன்றன்றைக்கு வேண்டிய அரைக் கிலோவை வாங்குபவள் அவள். ஐந்து கிலோவுக்கும் முதல் தடவை சிலிண்டருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய தொகை அவள் முந்தானை முடிச்சில் ஒருநாளும் சேர்ந்து இருந்ததில்லை. எனக்குப் பதில் தெரியாமையால் மறுநாள் பங்க்குக்குப் போய் அங்கிருந்த பையனைக் கேட்டுப் பார்த்தேன். காலி சிலிண்டரைக் கொடுத்தால் முழு சிலிண்டர்தான் தருவார்களாம். அரை, கால் என்பதெல்லாம் கிடையாதாம்.